கணிப்பொறி சொன்னால் போதுமா?

விஞ்ஞானம் நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக வளர்ந்துவரும் இந்நாளில் கணிப்பொறி நுழையாத இடமில்லை. நம் பல்லடத்தில் கோழிப் பண்ணைக் கணக்கும், திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் துணி வெட்டும் அளவும் அதன் கைக்குப் போய் வெகுகாலமாயிற்று. வகுப்பறைக்கும் அது வந்துவிட்டது. வரலாமா, கூடாதா என்று பட்டிமன்றம் நடத்தும் காலமும் கடந்துவிட்டது. வந்த விருந்தாளியை எந்த இடத்தில் உட்கார வைப்பது என்பதுதான் இனிக் கேள்வி. கணித ஆசிரியை என்ற முறையில் இதுபற்றி என் மனத்தில் பட்டதைப் பெற்றோர்க்கும், அருட்சகோதரியர்க்கும், முக்கியமாக மாணவியராகிய உங்களுக்கும் சொல்ல வேண்டும் என்றே ஆண்டு மலரில் இடம் கேட்டு வாங்கினேன்.

சென்ற ஆண்டு ஒரு மதிய வேளையில் ஒன்பதாம் வகுப்பு மாணவியரைக் கணிப்பொறி அறைக்கு அழைத்துச் சென்றேன். 2018-ஆம் ஆண்டு முதல் வெளிவந்த நம் மாநிலப் புதிய கணிதப் பாடநூல்களில் 'இணையச் செயல்பாடு' என்று ஒரு பகுதி இருப்பதைப் பெற்றோர் பலர் கவனித்திருக்க மாட்டீர்கள். அதில் உரலியும் விரைவுக் குறியீடும் கொடுத்து, ஜியோஜீப்ரா என்ற மென்பொருளுக்குப் போகச் சொல்கிறார்கள். மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் என்பவர் 2001-இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் தம் முதுகலைப் படிப்புக்காகத் தொடங்கிய வேலை அது. இன்று பல்லடத்துப் பிள்ளைகளும் அதைக் காசு கொடுக்காமல் பயன்படுத்துகிறார்கள். திரையில் ஒரு முக்கோணம் வரையலாம். முனையைப் பிடித்து இழுக்கலாம். பக்கத்திலேயே கோணங்களின் அளவு மாறிக்கொண்டே வரும். கரும்பலகையில் சாக்கட்டியும் மரப் பாகைமானியும் வைத்துக்கொண்டு இருபது ஆண்டு மல்லுக்கட்டியவள் நான். முதன்முதலில் அதைப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கிற்று என்றால் மிகையன்று.

பிள்ளைகள் முக்கோணத்தை நீட்டினார்கள், குறுக்கினார்கள், ஊசிபோல் ஆக்கினார்கள். எப்படிச் செய்தாலும் மூன்று கோணங்களின் கூடுதல் 180 பாகை. அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு குரல்: "எப்பவும் நூத்தியெம்பதுதானுங்க டீச்சர் வருது. நாங்களே பாத்துட்டோம். அப்புறம் எதுக்குங்க நிரூபிக்கோணும்?"

கேட்டவள் குறும்புக்காரி அல்லள். உண்மையாகவே கேட்டாள். "தேர்வில் கேட்பார்கள்" என்று சொன்னேன். அந்தப் பதிலை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

நல்ல வேளையாகக் கடைசி வரிசையில் இன்னொருத்தி கை தூக்கினாள். தன் திரையில் கோணங்கள் 47.34, 61.23, 71.44 என்று இருப்பதாகவும், கூட்டினால் 180.01 வருவதாகவும் சொன்னாள். "யார் மேலங்க டீச்சர் தப்பு?" வகுப்பே சிரித்தது. தப்பு யார்மேலும் இல்லை. 47.336 என்பதை 47.34 என்று அது சுருக்கிக் காட்டுகிறது. மற்ற இரண்டையும் அப்படியே மேல்நோக்கிச் சுருக்கியிருந்தது. மூன்று சுருக்கமும் சேர்ந்து 0.01 ஆகிவிட்டது. ஆனால் அந்தச் சிறு எண் எனக்கு ஒரு வழியைக் காட்டியது. திரையில் தெரிவது அளவு. அளவில் எப்போதும் கொஞ்சம் ஏறக்குறைய இருக்கும். உச்சி வழியே அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு போட்டு, ஒன்றுவிட்ட கோணங்களைக் கொண்டு 180 என்று சொல்கிறோமே, அதில் ஏறக்குறைய என்பதற்கே இடமில்லை. இதை நான் சொல்லிவிட்டேன். பிள்ளைகள் தலையாட்டினார்கள். நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

ஆகவே அடுத்த வாரம் வேறொரு கணக்கோடு போனேன். மாணவியர் அனைவரும் வீட்டில் ஒருமுறை செய்து பாருங்கள். ஒரு வட்டம் வரைந்து அதன்மேல் புள்ளிகள் வைக்க வேண்டும். ஒவ்வொரு புள்ளியையும் மற்ற எல்லாப் புள்ளிகளோடும் நேர்கோட்டால் இணைக்க வேண்டும். வட்டத்தின் உட்பக்கம் எத்தனை பகுதிகளாகப் பிரிகிறது? ஒரு புள்ளி என்றால் கோடே இல்லை, பகுதி 1. இரண்டு புள்ளிக்கு 2. மூன்றுக்கு 4. நான்குக்கு 8. ஐந்துக்கு 16. ஆறு புள்ளிக்கு எத்தனை என்று கேட்டேன். நாற்பது பேரும் ஒரே குரலில் "முப்பத்திரண்டு!" என்றார்கள். வரைந்து பார்க்கும் அவசியமே ஒருவருக்கும் தோன்றவில்லை.

வரையச் சொன்னேன். மென்பொருளில் ஒழுங்கு அறுகோணம் வரைவதற்குத் தனிப் பொத்தான் உண்டு. அதை அழுத்தி அழகாக ஆறு புள்ளி வைத்த பிள்ளைகளுக்கு 30 வந்தது. கையால் கண்டபடி வைத்தவர்களுக்கு 31. ஒருவருக்கும் 32 வரவில்லை. இரண்டை விட்டுவிட்டோமோ, ஒன்றை விட்டுவிட்டோமோ என்று திரும்பத் திரும்ப எண்ணினார்கள். பக்கத்து நாற்காலியோடு சண்டையும் வந்தது. பிறகு ஒருத்தி, முப்பது வந்தவளின் திரையில் ஒரு புள்ளியை மட்டும் பிடித்து மெல்ல நகர்த்தினாள். அதுவரை மூன்று கோடுகள் நடுவில் ஒரே இடத்தில் சந்தித்துக்கொண்டிருந்தன. புள்ளி நகர்ந்ததும் அந்த இடம் திறந்து ஒரு சின்னஞ்சிறு முக்கோணம் எட்டிப் பார்த்தது. அதுதான் முப்பத்தொன்றாவது பகுதி! அன்று அந்த அறையில் எழுந்த கூச்சலைக் கேட்டு அடுத்த வகுப்பிலிருந்து சிஸ்டர் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

இந்த ஒன்றை எந்தக் கரும்பலகையிலும் என்னால் காட்டியிருக்க முடியாது. கோடு தடிப்பாக விழும், வட்டம் கோணும், நடுவிலிருக்கும் சிறு முக்கோணம் சாக்கட்டித் தூளில் மறைந்துபோகும். எனவே கணிப்பொறியே வேண்டாம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் 32 ஏன் வரவில்லை என்பதைத் திரை சொல்லவில்லை. அதை ஒரு காகிதமும் பென்சிலும்தான் சொல்லின. கோடே இல்லாதபோது வட்டத்தில் ஒரு பகுதி. ஒரு கோடு போட்டால் ஒரு பகுதி கூடுகிறது. அது முன்பே இருக்கும் ஒரு கோட்டை வெட்டும் ஒவ்வொரு முறையும் மேலும் ஒன்று கூடுகிறது. ஆறு புள்ளிகளுக்குக் கோடுகள் 15. எந்த நான்கு புள்ளிகளை எடுத்தாலும் வெட்டும் இடம் ஒன்றே ஒன்று; ஆறில் நான்கை எடுக்கும் வழிகளும் 15. ஆக 1 + 15 + 15 = 31. இதைப் பிள்ளைகள் கண்டுபிடிக்க இரண்டு பாடவேளை ஆனது. கண்டுபிடித்த பிறகு ஒருத்தியும் "எதுக்குங்க நிரூபிக்கோணும்" என்று கேட்கவில்லை. ஐந்து முறை சரியாக வந்தது ஆறாம் முறை ஏமாற்றும் என்பதை அவர்களே பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

ஊகம் இழிவானது என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். நமக்கு அடுத்திருக்கும் ஈரோட்டில் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் பிறந்த சீனிவாச ராமானுஜனைவிடச் சிறந்த ஊகக்காரர் உலகில் எவர்? குறிப்பேடுகள் நிறைய முடிவுகளை எழுதிவைத்தவர். பெரும்பாலானவற்றுக்கு நிரூபணம் எழுதவில்லை. பிற்காலத்தார் ஒவ்வொன்றாக நிரூபித்தபோது மிகப்பல சரியாகவே இருந்தன. ஆனால் பகா எண்களின் எண்ணிக்கைபற்றி 1913-இல் ஹார்டிக்கு அவர் எழுதியவற்றில் பிழை இருந்தது. அது பிழை என்று காட்டியதும் நிரூபணம்தான். ராமானுஜனுக்கே நேர்ந்தது நமக்கு நேராதா?

இப்போது இன்னொரு படி மேலே போவோம். ஜியோஜீப்ரா படம் மட்டும் காட்டுவதில்லை. 2014-இல் வந்த அதன் ஐந்தாம் பதிப்பு முதல் தேற்றங்களைத் தானே நிரூபிக்கும் ஆற்றலும் அதற்கு உண்டு. எப்படிப்பட்ட நாற்கரம் ஒன்றையும் வரைந்து, நான்கு பக்கங்களின் நடுப்புள்ளிகளையும் இணையுங்கள். உள்ளே ஓர் இணைகரம் கிடைக்கும். அதன் எதிர்ப் பக்கங்கள் இரண்டைத் தொட்டுக் காட்டி இவற்றுக்குள் என்ன தொடர்பு என்று கேட்டால், "இணை" என்கிறது. அது எண்களை வைத்துச் சொன்ன பதில். மேலும் கேட்டால், இந்த ஒரு படத்துக்கு மட்டுமன்று, பொதுவாகவே உண்மை என்று சொல்கிறது. புள்ளிகளை ஆயத்தொலைவுகளாக மாற்றி, கொடுக்கப்பட்டதையும் நிரூபிக்க வேண்டியதையும் இயற்கணிதச் சமன்பாடுகளாக்கி, ஒன்றிலிருந்து மற்றொன்று வருகிறதா என்று அது பார்த்துவிடுகிறது. இவ்வழியை வளர்த்தவர்களில் முதன்மையானவர் சீனக் கணித அறிஞர் வூ வென்சுன். 1978-இல் அவர் வெளியிட்ட முறையைப் பின்பற்றி, சௌ ஷாங்-சிங் என்பவர் 1988-இல் ஒரு நூலில் 512 வடிவியல் தேற்றங்களைக் கணிப்பொறி நிரூபித்ததாகப் பட்டியலே கொடுத்தார். நம் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கும் தேற்றங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்!

அப்படியானால் ஆசிரியைக்கு என்ன வேலை? மாணவிக்குத்தான் என்ன வேலை?

திரை "உண்மை" என்றதும் ஒரு பிள்ளை நோட்டில் "நிரூபிக்கப்பட்டது" என்று எழுதி அடியில் இரண்டு கோடும் போட்டுவிட்டாள். பக்கத்தில் இருந்தவளோ நாற்கரத்தின் குறுக்கே ஒரு மூலைவிட்டம் வரைந்தாள். முக்கோணத்தில் இரு பக்கங்களின் நடுப்புள்ளிகளை இணைக்கும் கோடு மூன்றாம் பக்கத்துக்கு இணை, அதில் பாதி என்பது அவளுக்குத் தெரியும். மூலைவிட்டத்துக்கு இந்தப் பக்கம் ஒரு முக்கோணம், அந்தப் பக்கம் ஒரு முக்கோணம். இரண்டிலும் நடுக்கோடு அதே மூலைவிட்டத்துக்கு இணை. முடிந்தது. பிறகு நான் ஒரு முனையை இழுத்து நாற்கரத்தின் பக்கங்களே ஒன்றையொன்று வெட்டும்படி, பட்டாம்பூச்சிபோல் ஆக்கிவிட்டு, "இப்போது?" என்று கேட்டேன். முதல் பிள்ளை மறுபடியும் பொத்தானைத் தேடினாள். இரண்டாமவள் திரையைப் பார்க்காமலே, "அப்பவும் அதேதானுங்க டீச்சர், மூலைவிட்டம் அங்கேதானே இருக்குது" என்றாள். இருவருக்கும் கிடைத்த விடை ஒன்றுதான். ஆனால் ஒருத்தியிடம் அது இரவல், மற்றவளிடம் சொந்தம்.

இதை என்னைவிட நன்றாகச் சொன்னவர் ஒரு மாணவியின் தந்தை. விசைத்தறி வைத்திருப்பவர். பெற்றோர் கூட்டத்தில் இந்தக் கதையைச் சொன்னபோது, "தறி பாட்டுக்கு ஓடுமுங்க. பாவுல ஒரு இழை அறுந்தாலும் ஓடும். பாக்கறது நம்ம வேலைங்க" என்றார். அவர் அருகில் இருந்த தாய்மார்களில் சிலர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்பவர்கள். தலையை ஆட்டிச் சிரித்தார்கள். எத்தனை விலையுயர்ந்த தையல் இயந்திரம் வந்தாலும், தைத்த உருப்படியை விளக்கின்கீழ் விரித்துப் பார்க்கும் ஒரு மேசை இல்லாமல் எந்தக் கம்பெனியும் பெட்டி கட்டுவதில்லை.

இயந்திரத்திடம் நாம் கற்பதற்கே ஒன்றுமில்லை என்பதும் உண்மையன்று. இருசமபக்க முக்கோணத்தில் சமபக்கங்களுக்கு எதிரான கோணங்கள் சமம் என்பதை உச்சியிலிருந்து ஒரு கோடு இறக்கித்தான் நாம் நிரூபிக்கிறோம். 1956-இல் மார்வின் மின்ஸ்கி என்ற அமெரிக்க அறிஞர், கணிப்பொறி எப்படி நிரூபிக்கும் என்று பார்ப்பதற்காக அது செய்ய வேண்டிய படிகளைத் தாமே காகிதத்தில் செய்தார். கோடே இறக்காத ஒரு நிரூபணம் வந்தது. முக்கோணத்தை இடம் வலமாகத் திருப்பி, தன்னோடு தானே சர்வசமம் என்று காட்டிவிடுவது! பழங்கால அலெக்சாந்திரியாவின் பாப்பஸ் கண்ட நிரூபணமே அது. நம் பாடநூலில் இல்லை. இதை நான் வகுப்பில் சொன்னபோது, "ஏமாத்து வேலை மாதிரி இருக்குதுங்க" என்றார்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது.

இனி, கணிப்பொறியைக் குறை சொல்லுமுன் நம் முதுகையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும். பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வில் தேல்ஸ் தேற்றத்தை எழுதி நிரூபிக்கச் சொன்னால் ஐந்து மதிப்பெண். ஒரு மாணவி அதை அச்சடித்ததுபோல் எழுதுவாள். ஒரு காற்புள்ளி தவறாது. மாதிரித் தேர்வில் நான் முக்கோணத்தின் பெயரை ஏபிசி என்பதற்குப் பதில் பிக்யூஆர் என்று மாற்றினேன். அவ்வளவுதான், பேனா நின்றுவிட்டது. அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. "அப்படியே எழுது, ஐந்தும் கிடைக்கும்" என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். பொத்தானை அழுத்தி "உண்மை" என்று எழுதினவளுக்கும், பொருள் தெரியாமல் பன்னிரண்டு வரி ஒப்பித்தவளுக்கும் என்ன வித்தியாசம்? ஒப்பித்தவள் கஷ்டப்பட்டாள் என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. இயந்திரம் வந்து பிள்ளைகளின் சிந்தனையைக் கெடுத்துவிடும் என்று பயப்படுகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: கெடுப்பதற்கு நாம் எவ்வளவு மிச்சம் வைத்திருக்கிறோம்?

சொல்லப்போனால் மனப்பாடத்துக்கு மருந்தாகும் கணிப்பொறிக் கருவியும் ஒன்று உண்டு. அதற்கு நிரூபணச் சரிபார்ப்பான் என்று பெயர் வைக்கலாம். லியோனார்டோ டி மௌரா என்பவர் 2013-இல் மைக்ரோசாப்ட் ஆராய்ச்சிக்கூடத்தில் தொடங்கிய 'லீன்' அவ்வகையில் பெயர்பெற்றது. அதற்கு நாம் நிரூபணத்தை ஒவ்வொரு படியாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு படிக்குக் காரணம் இல்லையென்றால் அங்கேயே நின்றுகொள்ளும். "தெளிவாக" என்றோ "இதிலிருந்து புலனாகிறது" என்றோ எழுதி அதன் கண்ணில் மண் தூவ முடியாது. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் கெவின் பஸார்டும் முகமது பெட்ராம்பரும் 2019-இல் அதை வைத்து இயல் எண்களைப் பற்றி ஒரு விளையாட்டு அமைத்தார்கள். கணிதத் தொகுத்தறிதல் படித்து முடித்த பதினோராம் வகுப்பு மாணவியர் சிலருக்கு அதைக் காட்டினேன். ஓர் எண்ணோடு பூச்சியத்தைக் கூட்டினால் அதே எண் என்பதை அது கேட்காமலே ஒப்புக்கொள்கிறது, அது விதி. பூச்சியத்தோடு ஓர் எண்ணைக் கூட்டினால் அதே எண் என்பதையோ, நிரூபி என்கிறது. "ஒண்ணாங் கிளாஸ்ல இருந்து தெரியுமுங்க, இதுக்குக்கூட ஒத்துக்க மாட்டேங்குது" என்று ஒருத்திக்குக் கோபமே வந்துவிட்டது. அரைமணி நேரம் போராடி, தொகுத்தறிதலைக் கொண்டே அதை நிரூபித்தாள். அந்தப் பாடத்தை நான் ஒரு மாதம் நடத்தியும் பிடிபடாத ஒன்று அந்த அரைமணியில் அவளுக்குப் பிடிபட்டது. நம் நோட்டுப் புத்தகங்களில் 'ஆகவே' என்பதற்கான மூன்று புள்ளியை நினைத்த இடத்திலெல்லாம் தெளித்துவைக்கிறோமே, அந்தப் பழக்கத்துக்கு இதைவிடக் கண்டிப்பான ஆசிரியை கிடைக்க மாட்டாள். ஆனால் கட்டளைகள் எல்லாம் ஆங்கிலம். தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு அது ஒரு தடை. ஒரு நிரூபணத்துக்கு அரைமணி என்றால் பாடத்திட்டம் எப்போது முடிவது என்பது இன்னொன்று. எனவே பத்தாம் வகுப்புக்குக் கீழே இதைக் கொண்டுபோக நான் சொல்லமாட்டேன்.

இப்படி ஒரு கண்டிப்பு எதற்கு என்று கேட்பீர்கள். எந்த வரைபடத்தையும், அடுத்தடுத்த பகுதிகள் ஒரே நிறமாகிவிடாமல், நான்கு நிறங்களில் தீட்டிவிடலாம் என்று 1852-இல் பிரான்சிஸ் கத்ரி என்ற இளைஞர் ஊகித்தார். நம் தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களை வைத்து நீங்களே முயன்று பார்க்கலாம். 1879-இல் கெம்பே என்பவர் அதற்கு நிரூபணம் எழுதினார்; அறிஞர் உலகம் ஏற்றுக்கொண்டது. பதினோரு ஆண்டு கழித்து, 1890-இல், ஹீவுட் என்பவர் அதில் ஓர் ஓட்டை இருப்பதைக் கண்டார். கற்றறிந்தவர்கள் பலர் படித்தும் கண்ணில் படாத ஓட்டை! கடைசியில் 1976-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஆப்பல், ஹாக்கன் இருவரும் ஏறக்குறைய 1,200 மணி நேரம் கணிப்பொறியை ஓட்டி நிரூபித்தார்கள். அதைக் கையால் சரிபார்க்க மனிதரால் ஆகாது என்று பலர் முகம் சுளித்தார்கள். 2005-இல் ஜார்ஜ் கோந்தியே, 'காக்' என்ற சரிபார்ப்பானில் முழு நிரூபணத்தையும் எழுதி ஐயத்தைப் போக்கினார். மனிதரும் தவறுவர், இயந்திரத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

சரிபார்க்கும் கருவி வேறு. கேட்டதையெல்லாம் எழுதித் தரும் கைபேசிச் செயலி வேறு. இந்த வேறுபாட்டைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு திங்கட்கிழமை என் மேசைக்கு வந்த வீட்டுப்பாட நோட்டுகளில் பதினொன்றில் நான் வகுப்பில் வைக்காத எழுத்துகள் ஒரே மாதிரி இருந்தன. விசாரித்தால், வினாவைப் படம் பிடித்தால் படிகளோடு விடை தரும் செயலி. திட்டுவதற்கு முன் நானும் ஒன்றில் கேட்டுப் பார்த்தேன். இருசமபக்க முக்கோணத்தின் கோணங்கள் சமம் என்பதற்கு நிரூபணம் கேட்டேன். அழகான நடை, வரிசையான படிகள். மூன்றாம் படியில், நிரூபிக்க வேண்டியதையே காரணமாகக் காட்டியிருந்தது! மாணவி எழுதியிருந்தால் ஒரு சிவப்புச் சுழி போட்டிருப்பேன். அந்த இனிய நடையில் வந்ததால் நானே இரண்டு முறை படித்த பிறகுதான் கண்டேன்.

அவை முன்னேறாமல் இல்லை. 2024-இல் உலக மாணவர் கணித ஒலிம்பியாடில் கேட்ட ஆறு கணக்குகளில் நான்கைக் கூகுள் டீப்மைண்டின் இயந்திரங்கள் தீர்த்து, 42-க்கு 28 மதிப்பெண், அதாவது வெள்ளிப் பதக்கத்துக்குரிய அளவு பெற்றன. அவற்றுள் ஒன்று தன் நிரூபணங்களை லீனில் எழுதியது என்பது கவனிக்கத்தக்கது. தான் சொல்வது சரியா என்று பார்க்க அதற்கும் ஒரு செக்கிங் மேசை தேவைப்பட்டது!

நான் பிள்ளைகளிடம் எதிர்பார்ப்பது என்ன என்பதற்கு நம் பக்கத்து மாநிலத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2017 டிசம்பரில் குலங்கள் என்னும் உயர்கணிதப் பகுதியில் ஒரு கேள்வி எழுந்தது. உலகப் புகழ்பெற்ற டெரன்ஸ் டாவோ உட்படப் பலர் அதில் ஈடுபட்டிருந்தார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் சித்தார்த்த காட்கில் கணிப்பொறியை அதில் இறக்கினார். அது ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கட்டுப்பாட்டை நிரூபித்து, படிகளைச் சங்கிலியாக அடுக்கிக் கொடுத்தது. பார்ப்பதற்கு வெறும் குறிகளின் குவியல். மற்றவர்களாக இருந்தால், "சரி, இயந்திரம் சொல்லிவிட்டது" என்று போயிருப்பார்கள். பேஸ் நீல்சன் என்பவர் உட்கார்ந்து அதை வரிவரியாகப் படித்தார். குவியலுக்குள் ஒரு கருத்து ஒளிந்திருப்பதைக் கண்டார். அதை வெளியே எடுத்துப் பொதுவாக்கியதில் சில நாட்களுக்குள் முழுக் கேள்விக்கும் விடை கிடைத்தது. ஆறு பேர் பெயரில் 2018-இல் கட்டுரை வெளிவந்தது. அவர்களுள் காட்கிலும் அபூர்வ கரேயும் பெங்களூருக் கழகத்தினர். இயந்திரம் நிரூபித்தது, ஒரு மனிதர் அதைப் படித்தார், அதனால்தான் கணிதம் ஓர் அடி நகர்ந்தது. அப்படிப் படிக்கத் தெரிந்த பெண்கள் பல்லடத்திலிருந்து போக வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு ஒன்பதாம் வகுப்பில் ஒரு மூலைவிட்டமாவது தானாக வரைந்திருக்க வேண்டும்.

ஆகையால் நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள். கணிப்பொறி அறையைக் கணிப்பொறிப் பாடத்துக்கு மட்டும் என்று பூட்டிவைக்காமல் வாரம் ஒரு பாடவேளை கணிதத்துக்கும் திறந்துவிட வேண்டும். திறந்தாலும், பொத்தானை அழுத்துமுன் "என்ன வரும், ஏன் வரும்" என்று ஒவ்வொரு மாணவியும் நோட்டில் எழுதிய பிறகே திரையைத் தொட வேண்டும் என்பது என் வகுப்பின் விதி. உள்தேர்வுகளிலாவது தேற்றத்தின் எழுத்துகளையும் படத்தையும் மாற்றிக் கேட்கப்போகிறேன். மதிப்பெண் குறையும். பெற்றோர் வந்து சண்டை போடாதிருக்க வேண்டும்.

பெற்றோர்க்கு இன்னொன்று. புத்தகத்தில் குறியீடு அச்சிட்டாயிற்று. அதைத் திறக்கும் கைபேசி வீட்டில் யார் கையில் இருக்கிறது? கேட்டுப் பார்த்தேன். பெரும்பாலும் அப்பாவிடம் அல்லது அண்ணனிடம். தம்பிக்கு விளையாடக் கிடைக்கிறது. அக்காளுக்குக் கணக்குப் பார்க்கக் கேட்டால், "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு போன்" என்கிறார்கள். உங்கள் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. நானும் பெண் பெற்றவள். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாவது அரைமணி நேரம் கொடுங்கள். ஷிப்ட் முடிந்து களைத்து வரும் நேரம்தான், தெரியும். அவள் வட்டத்தில் புள்ளி வைப்பதை நீங்களும் சேர்ந்து எண்ணுங்களேன்.

அந்த வட்டக் கணக்கு இன்னும் முடியவில்லை. ஏழு புள்ளிக்கு 57, எட்டுக்கு 99 என்று பிள்ளைகள் தொடர்ந்து போனார்கள். போன மாதம் இடைவேளையில் ஒருத்தி மூச்சிரைக்க ஓடிவந்தாள். முன்பு "எதுக்குங்க நிரூபிக்கோணும்" என்று கேட்டாளே, அவள்தான். பத்துப் புள்ளிக்குக் கோடுகள் 45, வெட்டும் இடங்கள் 210, ஒன்றையும் சேர்த்தால் 256. "எட்டு ரெண்டைப் பெருக்கினா வர்றதுங்க டீச்சர்! போன ரெண்டின் அடுக்கு திரும்பி வந்துருச்சு! இனிமேலும் வருமாங்க?" கணிப்பொறியில் போட்டுப் பார்க்கட்டுமா என்றும் கேட்டாள். முதலில் பதினொன்றுக்குக் கையால் போட்டுப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பினேன். மணி அடித்துவிட்டது. படியேறும்போதே விரல்விட்டு எண்ணிக்கொண்டு போனாள்.